இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்குக் கண்ணில் அழற்சி வந்தால் செய்ய வேண்டியவை

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, எடுத்துக்கொள்ளும் ஒருவருக்குக் கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வையும் மங்கினால், தூசி விழுந்திருக்கும் என்றோ தூக்கம் போதவில்லை என்றோ எண்ணி நாள் கடத்தக் கூடாது. அந்தச் சிகிச்சையே கண்ணுக்குள் அழற்சியைத் தூண்டியிருக்கலாம். இது அடிக்கடி நேர்வதில்லை. யுவைட்டிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் கண்ணின் நடுப்படல அழற்சி, இம்மருந்துகளை எடுப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே வருகிறது. கண் வறட்சி அதைவிடப் பரவலாகக் காணப்படுகிறது. யுவைட்டிஸ் வந்தவர்களில் பலருக்கும் சொட்டு மருந்திலேயே அது அடங்கிவிடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையும் தொடர்கிறது. ஆனால் அந்த நல்ல முடிவு பெரும்பாலும் முதல் சில நாட்களில் வீட்டில் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது.

அவற்றுள் இரண்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் மருத்துவர், மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்திக் கண்ணைச் சோதிக்கும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்க்கும் வரை, அழற்சியை அடக்கும் எந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் போடக் கூடாது. அந்தக் கண் மருத்துவரிடம், நோயாளிக்கு ஏற்றப்படும் மருந்தின் பெயரைத் தவறாமல் சொல்ல வேண்டும். மற்ற குறிப்புகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் பின்னரே வருகின்றன.

எந்த மருந்துகளால், எப்போது வருகிறது

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், அட்டிசோலிசுமாப், டுர்வாலுமாப், இபிலிமுமாப் ஆகியவையே இங்கு நாம் பேசும் மருந்துகளில் முக்கியமானவை. நம் உடலின் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் அளவுக்கு மீறித் தாக்காதபடி அவற்றைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் உள்ளன. பிடி-1, சிடிஎல்ஏ-4 என்பவை அவற்றுள் சில. புற்றுநோய்ச் செல்கள் இக்கட்டுப்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டு தப்பிக்கின்றன. மேற்சொன்ன மருந்துகள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, டி செல்களைப் புற்றுநோயின் மீது ஏவுகின்றன. இந்த வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசன், தாசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கட்டுப்பாடு நீங்கிய டி செல்கள் சில சமயம் உடலின் நல்ல திசுக்களையும் தாக்குகின்றன. தோல், குடல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் இது கூடுதலாகவும், கண்ணில் அரிதாகவும் நிகழ்கிறது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கண்ணில் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். அந்தப் புற்றுநோய் எந்த நிறமிச் செல்களிலிருந்து தோன்றுகிறதோ, அதே வகைச் செல்கள் கண்ணின் நடுப்படலத்திலும் நிறைந்திருக்கின்றன. இபிலிமுமாப் எடுப்பவர்களும், அதை நிவோலுமாப்புடன் சேர்த்து எடுப்பவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் அறிகுறி தெரிந்துவிடுகிறது. எனினும் ஓராண்டு கழித்து வந்தவர்களும், சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப்பைச் சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வோரின் விகிதம் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டினார்கள். செலவு குறைந்த இந்த வழியால் இம்மருந்து இனி பெருநகரங்களுக்கு வெளியேயும் கூடுதலானவர்களைச் சென்றடையும். அளவு குறைவு என்பதால் பக்கவிளைவு வராது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குறைந்த அளவே டி செல்களின் கட்டுப்பாட்டை நீக்கப் போதுமானது என்பதுதான் அந்த முறையின் அடிப்படை.

முதல் டோஸுக்கு முன்

எல்லோரும் கண் பரிசோதனை செய்த பின்புதான் இம்யூனோதெரபி தொடங்க வேண்டும் என்ற விதி இல்லை. ஆயினும் முன்பு எப்போதாவது யுவைட்டிஸ் வந்தவர்கள், முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த நோய் உள்ளவர்கள், ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை இருப்பவர்கள் ஆகிய மூன்று பிரிவினரும் முன்கூட்டியே கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அப்போது எழுதித் தரப்படும் பார்வை அளவும் கண் அழுத்தமும் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். காசநோய் முன்பு வந்திருந்தால் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஏன் என்பது பின்னால் வருகிறது.

வாரம் ஒருமுறை வீட்டுப் பரிசோதனை

இரண்டு கண்களாலும் சேர்ந்து பார்க்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பது அவசியம். இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். அதில் தேதி பெரிய எண்ணாகவும், கிழமையும் தமிழ்த் தேதியும் நடுத்தர எழுத்திலும், நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம் ஆகியவை பொடி எழுத்திலும் அச்சாகியிருக்கும். மூன்று அளவு எழுத்துகளும் ஒரே தாளில் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கமாகப் படிக்கும் கண்ணாடியை அணிந்து, அதே நாற்காலியில், அதே சன்னல் வெளிச்சத்தில் அமர்ந்து, தாளைப் படிக்கும் தூரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையைக் குவித்து, அழுத்தாமல் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் "வலது: எல்லாம் தெரிகிறது, இடது: பொடி எழுத்து மங்கல்" என்பது போல எழுதி மருத்துவக் கோப்பில் வைத்துவிடலாம். தேதி முன்புறத்திலேயே இருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை.

அதனுடன் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே ஒரு புள்ளி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கோடுகள் வளைந்தோ, அலை போலவோ, ஓரிடத்தில் அழிந்தோ தெரிந்தால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் கண் சிவக்காது, வலிக்காது. சிவப்பையும் வலியையும் மட்டும் எதிர்பார்த்திருப்பவர்கள் இதைத் தவறவிடுவதால்தான் இந்தக் கட்டச் சோதனையை வலியுறுத்துகிறேன்.

சிவந்த கண் எல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல

கண் சிவந்தால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது மெட்ராஸ் ஐ. அதற்கும் யுவைட்டிஸுக்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு வீட்டிலேயே கவனிக்கலாம். மெட்ராஸ் ஐயில் காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும், பூளை தள்ளும், மணல் உறுத்துவது போலிருக்கும். ஒரு கண்ணில் தொடங்கி அடுத்த கண்ணுக்கும், பிறகு வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும். பூளையைத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் பார்வை தெளிவாகவே இருக்கும். கண்ணின் முன்பகுதியில் வரும் யுவைட்டிஸில் பூளை இருக்காது. கருவிழியைச் சுற்றி ஒரு வளையம் போலச் சிவப்பு அடர்ந்திருக்கும். கண்ணுக்குள்ளிருந்து மந்தமான வலி எழும். அறையில் விளக்குப் போட்டாலே கண் கூசும், பார்வை புகை மூடியது போல மங்கும். இந்த வேறுபாடு மருத்துவரிடம் விரைவாகச் செல்வதற்கான வழிகாட்டி மட்டுமே. இதை வைத்துக்கொண்டு "இது மெட்ராஸ் ஐதான்" என்று இம்யூனோதெரபி எடுப்பவர் தாமே முடிவு செய்துவிடக் கூடாது.

அழற்சி கண்ணின் பின்பகுதியில் வந்தால், மிதக்கும் கரும்புள்ளிகளும் நூல்களும் திடீரெனப் பெருகலாம், பார்வை குறையலாம். கண் வெளியே சாதாரணமாகவே தோன்றும். பார்வை மங்கலோடு தலைவலி, காதில் இரைச்சல், தோலில் புதிதாக வெண்புள்ளிகள், இமை முடி வெளுத்தல் ஆகியவையும் சேர்ந்து வந்தால் அவை தனித்தனித் தொல்லைகள் அல்ல, ஒரே அழற்சியின் பல முகங்களாக இருக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண் எரிச்சலும் உறுத்தலும் மட்டும் இருந்து, கண் சிமிட்டினால் பார்வை தெளிந்தால், அது கண் வறட்சியாக இருக்கக்கூடும். அதற்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, அதிலும் பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்க்காதது, பெரும்பாலும் போதுமானது. என்றாலும் கண் வறட்சி என்று உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரே.

கண்ணிலிருந்து தொடங்கும் ஓர் ஆபத்தை மட்டும் தனியே விளக்க வேண்டும். இமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இவை காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருப்பது ஆகியவை மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயின் அறிகுறிகள். இம்யூனோதெரபியால் இது தூண்டப்படும்போது, தசை அழற்சியும் இதயத் தசை அழற்சியும் உடன் வருவது உண்டு. அப்படிச் சேர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. இமை தொங்குவதுடன் விழுங்க முடியாமை, பேச்சு மூக்கால் வருவது, கழுத்தை நிமிர்த்த முடியாமை, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கண் மருத்துவமனைக்குச் செல்லாமல், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பொது மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம். அங்கே இ.சி.ஜி., இதயத்திலும் தசையிலும் பாதிப்பு உண்டா என்று காட்டும் ட்ரோப்போனின், சி.பி.கே. இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றைச் செய்யும்படி இம்யூனோதெரபி விவரத்தைச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஐம்பது வயதைக் கடந்தவருக்கு நெற்றிப்பொட்டுப் பகுதியில் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, நொடிப்பொழுது பார்வை மறைந்து திரும்புதல் ஆகியவை வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பார்வை மங்கலுக்கான மற்றோர் எளிய காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. இம்மருந்துகள் சிலருக்குத் திடீரென்று சர்க்கரை நோயை உண்டாக்குகின்றன. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றுடன் இரண்டு கண்களும் மங்கினால் முதலில் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

மருந்துக் கடைச் சொட்டு ஏன் கூடாது

மருந்துக் கடையில் கண் சிவந்திருக்கிறது என்று சொன்னால், ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அதைப் போட்டதும் சிவப்புக் குறைகிறது. நோய் தீர்ந்ததாக நம்பிக்கை பிறக்கிறது. இதுதான் இந்த விஷயத்தில் எனக்குப் பெருங்கவலை தருவது. யுவைட்டிஸாகவே இருந்தாலும், அரைகுறையாகப் போட்ட ஸ்டீராய்டு அதன் அடையாளங்களை மறைத்துவிடுவதால், அழற்சி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை மருத்துவரால் மதிப்பிட முடியாமல் போகிறது. அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் புற்றுநோய் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவே எடுக்கப்படுகிறது. கண் சிவப்புக்குக் காரணம் அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் இனத்து வைரஸாக இருந்தால், ஸ்டீராய்டு அந்தத் தொற்றை வளர்த்துக் கருவிழியில் நிலையான தழும்பை ஏற்படுத்திவிடும். நம் நாட்டில் யுவைட்டிஸுக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இம்யூனோதெரபியின்போது உறங்கிக்கிடந்த காசநோய் விழித்தெழுந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. அதைக் கண்டறியாமல் ஸ்டீராய்டு கொடுப்பது தீங்கு. இவை போதாவென்று, நுரையீரல், மார்பகப் புற்றுநோய்கள் கண்ணுக்குள்ளேயே பரவி அழற்சி போலத் தோன்றுவதும் உண்டு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவின் வழிகாட்டுதலும், கண் பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டாம் என்றே எச்சரிக்கிறது.

மருத்துவரைக் காணும் வரை செய்யத் தக்கவை மிகச் சில. கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். வெளிச்சம் கூசினால் கறுப்புக் கண்ணாடி அணியலாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போட்டுக்கொள்ளலாம். கண்ணைத் தேய்ப்பதும், தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டாம். நோய் எதிர்ப்பு நிலை மாறியிருக்கும் உடலில் தொற்று நுழைய அவை வழி செய்துவிடும்.

யாரிடம் போவது, என்ன சொல்வது

பார்வை குறைந்திருந்தால், வலி இருந்தால், வெளிச்சம் கூசினால், இரட்டையாகத் தெரிந்தால் அன்றே, அதிகம் போனால் மறுநாளுக்குள் கண் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு உதவாது. எம்.எஸ். அல்லது டி.ஓ. படித்த கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதல் பரிசோதனைக்கு அருகிலுள்ள மாவட்ட அரசு மருத்துவமனைக் கண் பிரிவே போதுமானது. அழற்சி கண்ணின் பின்பகுதியில் இருந்தால், யுவியா (கண்ணின் நடுப்படலம்) பிரிவு தனியாக இயங்கும் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்றவற்றில் அத்தகைய பிரிவு உண்டு. கிளம்பும் முன்பே புற்றுநோய் மருத்துவமனையின் டே கேர் பிரிவுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட வேண்டும். அடுத்த டோஸ் நாள் நெருங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம்.

டே கேர் வார்டில் ட்ரிப்ஸில் ஏறும் எல்லா மருந்தையும் நாம் "கீமோ" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கண் மருத்துவரிடமும் "கீமோ போடுகிறோம்" என்று சொன்னால், அவர் மனத்தில் எழும் நோய்ப் பட்டியல் வேறாகிவிடும். எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் வரும் தொற்றுகளையே அவர் முதலில் தேடுவார். அதனால் மருந்தின் பெயரை எழுதியே கொண்டுசெல்ல வேண்டும். மருந்துக் குப்பி வந்த அட்டைப் பெட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பது மிக எளிது. பெயர், அளவு ஆகியவை அதில் தெளிவாக அச்சாகியிருக்கும். ஒரு மகள் தன் தந்தையை அழைத்துச் சென்றால் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் ஏறுகிறது, அது இம்யூனோதெரபி மருந்து. இதுவரை நான்கு டோஸ் ஆகியிருக்கிறது, கடைசி டோஸ் போட்டுப் பத்து நாள் ஆகிறது. மூன்று நாளாக வலது கண் சிவந்து வெளிச்சம் கூசுகிறது. வீட்டில் எந்தச் சொட்டும் போடவில்லை. சர்க்கரை நோய் இருக்கிறது." மருத்துவருக்குத் தேவையானவை எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன. சொட்டு மருந்து ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் கூச்சமின்றிச் சொல்லி, பாட்டிலையும் காட்ட வேண்டும். டிராமெட்டினிப், டாப்ராஃபெனிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளும் கண்ணைப் பாதிக்கக்கூடியவை என்பதால் மாத்திரைப் பட்டியலும் தேவை.

பரிசோதனை அறையில்

முதலில் எழுத்துப் பலகையில் பார்வையளவு எடுப்பார்கள். கண் அழுத்தம் பார்ப்பார்கள். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. பின்னர் நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் பதித்து அமர, மருத்துவர் விளக்குகளை அணைத்துவிட்டு ஸ்லிட் லாம்பின் மெல்லிய ஒளிக்கற்றையைச் சாய்வாகக் கண்ணுக்குள் செலுத்துவார். ஓட்டுக்கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பது தெரிவது போல, அழற்சி உள்ள கண்ணில் வெள்ளணுக்கள் அந்த ஒளியில் மிதப்பது தெரியும். ஒரு மில்லிமீட்டர் சதுர ஒளியில் தென்படும் அணுக்களை எண்ணித் தரம் பிரிப்பார்கள்: 6 முதல் 15 வரை என்றால் 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+. இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருத்துவர் அறிய விரும்பும் முதல் தகவல் இதுவே.

அதன் பின் கண்ணின் பாப்பாவை, அதாவது வெளிச்சம் உள்ளே நுழையும் நடுத்துளையை, விரிக்கும் சொட்டு விட்டு, அரைமணி நேரம் காத்திருக்கச் செய்து விழித்திரையைப் பார்ப்பார்கள். அன்று சில மணி நேரம் பார்வை மங்கியிருக்கும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும். தேவைக்கேற்ப விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே அல்லது சி.டி., காசநோய்க்கான மேண்டூ தோல் பரிசோதனை, சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை எழுதித் தருவார்கள். இம்யூனோதெரபிதான் காரணம் என்று ஏறக்குறையத் தெரிந்த பின்னும் இவற்றை ஏன் செய்கிறார்கள் என்று வருந்த வேண்டாம். மற்றக் காரணங்களை விலக்கிய பின்புதான் ஸ்டீராய்டைத் துணிந்து கொடுக்க முடியும்.

சொட்டு மருந்தைச் சரியாகப் போடுவது

முன்பகுதி யுவைட்டிஸுக்கு வழக்கமாகத் தரப்படுவது பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1 விழுக்காட்டுச் சொட்டு. தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரம் முழுவதும் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒருமுறை போடச் சொல்லிப் பிறகு வாரவாரம் குறைப்பார்கள். இது பாலைப் போன்ற கலங்கல் மருந்து. மருந்துத் துகள்கள் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் கண்ணில் விழுவது மருந்து குறைந்த நீராகவே இருக்கும். கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்தினால் மருந்து தொண்டைக்கு வழியாமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு வகைச் சொட்டுகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். களிம்பு இருந்தால் அதைக் கடைசியில் போட வேண்டும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்குப் பின் எறிந்துவிட வேண்டும். திறந்த தேதியை அதன் மீதே பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

கூடவே ஹோமாட்ரோபின் அல்லது அட்ரோபின் சொட்டு தருவார்கள். இது வலியைக் குறைப்பதோடு, பாப்பாவைச் சுற்றியுள்ள படலம் பின்னாலிருக்கும் லென்ஸில் ஒட்டிக்கொள்ளாமலும் காக்கிறது. இதைப் போட்டால் அருகில் வைத்துப் பார்க்கும் வேலை சிரமமாகும், வெளிச்சம் கூடுதலாகக் கூசும். "மருந்து போட்ட பிறகு பார்வை இன்னும் மோசமாகிவிட்டது" என்று பலர் இதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது எதிர்பார்த்த விளைவே, நிறுத்த வேண்டியதில்லை. பொடி எழுத்துச் சோதனையை மட்டும் இந்த நாட்களில் கணக்கில் கொள்ள வேண்டாம்.

வலி போய்விட்டது என்று ஸ்டீராய்டுச் சொட்டைத் தாமாக நிறுத்துவதே அழற்சி திரும்பி வருவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. எந்த நாளில் எத்தனை முறை என்று மருத்துவர் எழுதித் தரும் இறங்கு வரிசையை, அந்தந்த நாட்காட்டித் தாள்களிலேயே முன்கூட்டிக் குறித்து வைத்தால் குழப்பம் வராது. சொட்டு போடும் காலத்தில் கண் அழுத்தத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும், ஏனெனில் ஸ்டீராய்டு சிலருக்கு அதை உயர்த்திவிடும். அப்போது தரப்படும் அழுத்தம் குறைக்கும் மருந்துகளில் டிமோலால் ஒன்று. இமை தொங்குதல், இரட்டைப் பார்வை உள்ளவருக்கு அது மயஸ்தீனியாவைத் தீவிரப்படுத்தக்கூடும், ஆஸ்துமா உள்ளவருக்கும் ஆகாது. இவை இருந்தால் சொட்டை வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை தேவைப்பட்டால்

அழற்சி 3+ அளவைத் தொட்டாலோ, கண்ணின் பின்பகுதியிலோ முழுக் கண்ணிலோ பரவியிருந்தாலோ சொட்டு மருந்து மட்டும் போதாது. கண்ணைச் சுற்றியோ கண்ணுக்குள்ளோ ஊசி, அல்லது உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் தொடங்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை, மிகக் கடுமையானால் நரம்பு வழி மெத்தில்பிரெட்னிசோலோன் ஆகியவை தரப்படுகின்றன. மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் சாப்பிட வேண்டும். மாலையில் சாப்பிட்டால் தூக்கம் கெடும். சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் அளந்து வர வேண்டும், இன்சுலின் அளவை மாற்ற நேரலாம். நான்கு வாரங்களுக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்குக் கூடுதலாகவோ சாப்பிட நேர்ந்தால், ஒருவகை நிமோனியாவைத் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். இதையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு போதாமல் மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்படலாம். ஸ்டீராய்டுக்கு அடங்காத அழற்சிக்கு மெத்தோட்ரெக்சேட், அடலிமுமாப் போன்றவை உண்டு.

இம்யூனோதெரபி என்னவாகும்

குடும்பத்தினர் அஞ்சுவது இதற்குத்தான். கண் தொல்லையைச் சொன்னால் புற்றுநோய் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று மறைப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மை நிலை அவ்வளவு கடுமையானது அன்று. மிக லேசான அழற்சியில் மருந்து தொடரும். 1+, 2+ அளவில் முன்பகுதி யுவைட்டிஸ் இருந்தால் தற்காலிகமாக நிறுத்தி, கண் அடங்கியதும் மீண்டும் தொடங்குவது வழக்கம். 3+ அல்லது பின்பகுதி அழற்சி வந்தாலும், பார்வை மிகவும் இழந்தாலும் நிரந்தரமாக நிறுத்துவதே பொதுவான பரிந்துரை. அப்போதும் நோயின் நிலை, மாற்று மருந்து உண்டா என்பவற்றை எடைபோட்டு முடிவெடுப்பவர் புற்றுநோய் மருத்துவரே. மறைத்தால், சொட்டில் அடங்கியிருக்க வேண்டியது நிரந்தர நிறுத்தத்துக்கு உரிய நிலையை எட்டிவிடும். ஒரு டோஸ் தள்ளிப்போனால் பயன் எல்லாம் வீணாகிவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. நிவோலுமாப் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 25 நாட்கள் ஆகும். டி செல்களைப் பற்றிக்கொண்டு அதற்கும் அதிகக் காலம் செயல்படுகிறது. கண்ணில் விடும் ஸ்டீராய்டுச் சொட்டு, உடலில் புற்றுநோய்க்கு எதிராக நடக்கும் வேலையைக் கெடுப்பதாகவும் கருதப்படுவதில்லை.

மீண்டும் தொடங்கினால், முதல் சில டோஸ்களுக்குப் பின் கண் மருத்துவரிடம் சென்று வரும் தேதியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அழற்சி திரும்பக்கூடும். சிகிச்சை முற்றிலும் முடிந்த பின்பும் சில மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோதனையைக் கைவிட வேண்டாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டவருக்கும், அழற்சி பல முறை வந்தவருக்கும் கண் புரை விரைவில் வளரலாம். அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவசரப்பட வேண்டியதில்லை; குறைந்தது மூன்று மாதங்களாவது கண் அழற்சியின்றி அமைதியாக இருந்த பின்பே யுவைட்டிஸ் வந்த கண்ணில் புரை அறுவை செய்வது வழக்கம். அறுவை செய்யும் மருத்துவரிடமும் இம்யூனோதெரபி எடுத்ததையும், கண் அழற்சி வந்து போனதையும், எந்தச் சொட்டு எவ்வளவு காலம் போடப்பட்டது என்பதையும் கோப்புடன் காட்ட வேண்டும்.